மூக்குக்கு ஒரு பரீட்சை

2020-ஆம் வருஷத்தில் கொரோனா ஜுரம் உலகெங்கும் பரவியபோது, அதுவரை அவ்வளவாக யாரும் லட்சியம் செய்யாத ஓர் அவயவத்துக்குத் திடீரென்று மதிப்பு வந்தது. மூக்கைத்தான் சொல்கிறோம். வாசனையும் ருசியும் தெரியாமற் போவது அந்நோயின் குறி என்று அவ்வருஷம் ஜூன் மாதத்தில் நமது இந்திய சர்க்காரின் சுகாதார இலாகாவும் ஜாபிதாவில் சேர்த்தது. அநேகருக்குச் சில வாரங்களில் வாசனை திரும்பிற்று. சிலருக்கு மாதக்கணக்கில் திரும்பவில்லை.

"ரஸத்தில் ருசியே இல்லை" என்று சமைத்தவர் மீது கோபிக்குமுன் ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். நாக்கு அறிவது உப்பு, புளிப்பு முதலிய சிலவற்றைத்தான். மற்றதெல்லாம் மூக்கின் உபயம். மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு சிறிது சீரகத்தை மென்று பாருங்கள்; பிறகு கையை எடுங்கள். அப்போதுதான் சீரகம் சீரகமாகும். உப்பும் சர்க்கரையும் நன்கு தெரிந்து, கையை எடுத்த பின்னும் சீரகம் தெரியாவிட்டால், நாக்கின் மீது பழி போட வேண்டாம்.

வாசனையைச் சோதிக்க அம்மோனியாவை நீட்டுவது பயனற்றது. அந்தக் காரத்தை உணர்வது வேறொரு நரம்பு. வாசனை அடியோடு போனவரும் முகத்தைச் சுளிப்பார். காப்பிப் பொடியும் ஏலக்காயுமே மேல். கண்ணை மூடச் சொல்லி, ஒவ்வொரு நாசித் துவாரமாகக் காட்ட வேண்டும்.

வைத்தியர்கள் கையாளும் பரீட்சை இதைவிடக் கடினமானது. அமெரிக்காவில் பென்ஸில்வேனியா சர்வகலாசாலையைச் சேர்ந்த டாக்டர் ரிச்சர்ட் டோட்டி முதலியோர் 1984-ல் வெளியிட்டது அது. சுரண்டி முகர வேண்டிய வாசனைகள் 40. ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். வாசனையே தெரியாதவருங்கூடக் குருட்டாம்போக்கில் சுமார் 10 மார்க்கு வாங்கிவிடுவார். அதற்கும் மிகக் குறைவாக வாங்குகிறவர், சரியான விடையைத் தெரிந்தே தவிர்க்கிறாரோ என்று சந்தேகிக்க வேண்டியதுதான்! நஷ்டஈடு வழக்குகளில் இது உதவும்.

ஆனால் அதிலுள்ள 'ரூட் பியர்' வாசனையை நமது கும்பகோணத்துப் பாட்டி எங்கே கண்டாள்? பல தேசத்தார் தத்தமக்குப் பழகிய வாசனைகளை வைத்து அதைத் திருத்திக்கொண்டது நியாயமே.

இதெல்லாம் வேடிக்கைக்காக அன்று. சமையல் வாயுவுக்கு இயற்கையில் நாற்றமில்லை. கசிவு தெரியவேண்டுமென்றே மெர்காப்டன் என்ற சரக்கைச் சேர்க்கிறார்கள். வாசனை அறியாதவர் தனியே சமைக்கும் வீட்டில் அந்த ஏற்பாடு வீண். அத்தகையோர் கசிவைக் காட்டும் கருவி ஒன்று வைத்துக்கொள்வது அவசியம்.

ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்து டாக்டர் தாமஸ் ஹும்மெல் குழுவினர் 2009-ல் ஒரு பயிற்சியை வெளியிட்டார்கள். ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு ஆகிய நான்கையும் காலையிலும் மாலையிலும் 12 வாரம் முகர வேண்டும். எல்லாருக்கும் பலிப்பதில்லை, சிலருக்குப் பலித்திருக்கிறது. கிராம்பு நம் வீட்டிலேயே இருக்கிறது.