பதிவறையின் பட்டியலை வெளியிடுங்கள்

தமிழ்நாடு அரசின் தலைமைச் செயலாளர் அவர்களுக்கு,



தகவல் அறியும் உரிமைச் சட்டம் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது 2005 அக்டோபர் 12 அன்று. அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1997-இல், இப்படியொரு சட்டத்தை இந்தியாவில் முதலில் இயற்றிய மாநிலம் நம்முடையது. விலக்குகள் மிகுந்த சட்டம்தான் அது. ஆனாலும் முதலடி நாம் வைத்ததுதான். அந்த உரிமையில் தங்களுக்கு இதை எழுதுகிறேன்.

எங்கள் பகுதி மக்களுக்கு மனு எழுதிக் கொடுத்து வருகிறேன். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்ப வேண்டும். முப்பது நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதிலும் தீராவிட்டால் தகவல் ஆணையம். இந்தப் பாதை இன்று ஊரில் பலருக்கும் தெரிந்திருக்கிறது. எந்த ஆவணத்தைக் கேட்பது என்பதுதான் தெரியவில்லை. அலுவலகத்துக்குள் என்னென்ன பதிவேடுகள் இருக்கின்றன என்று வெளியே இருப்பவர்களுக்கு யாரும் சொன்னதில்லை.

நிலத்தையே எடுத்துக்கொள்வோம். "எங்க மாமனார் காலத்துல ஒண்ணே கால் ஏக்கர். இப்போ பட்டாவுல எண்பது சென்ட்தான் இருக்கு. மிச்சம் எங்க போச்சுன்னு கேட்டு எழுதுப்பா" என்று ஒரு மூதாட்டி வந்து உட்காருகிறார். அவர் சொன்னபடியே எழுதினால், 'விளக்கம் கோரும் வகையில் உள்ளதால் தகவல் வழங்க இயலாது' என்று ஒற்றை வரிப் பதில் வரும். ஒரு முடிவால் பாதிக்கப்பட்டவருக்கு அதன் காரணத்தைத் தெரிவிக்க வேண்டும் என்று 4-ஆம் பிரிவு சொல்வது அந்த நேரத்தில் யார் நினைவுக்கும் வருவதில்லை.

அவருக்குப் பயன்படும் மனு வேறு மாதிரி இருக்க வேண்டும். எண்பதுகளில் முடிந்த, நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் யு.டி.ஆர். பணிக்கு முந்தைய 'அ' பதிவேட்டில் அந்தப் புல எண்ணுக்குரிய பக்கம், பிந்தைய பதிவேட்டில் அதே நிலத்துக்குரிய பக்கம், புலப்படம், உட்பிரிவு செய்த உத்தரவு, அந்த உத்தரவுக்கு அடிப்படையான கோப்பு என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். இந்தப் பெயர்கள் தெரிந்தால் நிலம் எந்த இடத்தில் சுருங்கியது என்பது தெரிந்துவிடும். பெயர்கள் தெரியாததால் அந்த அம்மாவைப் போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் வட்டாட்சியர் அலுவலக வாசலில் நிற்கிறார்கள்.

கொடுத்த மனு என்னவாயிற்று என்று தெரியாமல் தவிப்பவர்களுக்கும் இதே கதிதான். ஒரு மனு உள்ளே நுழைந்ததும் ந.க. எண் எனப்படும் கோப்பு எண்ணைப் பெறுகிறது, உரிய பிரிவு எழுத்தரின் தன்பதிவேட்டில் ஏறுகிறது. எந்தத் தேதியில் யாருக்குப் போனது, என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்பதெல்லாம் அந்தப் பதிவில் இருக்கும். 'ஏன் தாமதம்?' என்று கேட்பதை விட்டுவிட்டு, தன்பதிவேட்டில் அந்த ந.க. எண்ணுக்குரிய பக்கத்தின் நகலைக் கேளுங்கள் என்பேன். கோப்பை நேரில் பார்வையிடவும் சட்டம் இடம் தருகிறது. நம் மாநில விதிப்படி முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமும் கிடையாது. இதைப் பயன்படுத்துவோர் மிகச் சிலரே. நேரில் பார்த்தால் எந்தப் பக்கம் தேவை என்பது தானே புலப்படும்.

இந்தச் சட்டத்துக்கு வித்திட்ட ராஜஸ்தான் கிராமத்து உழைப்பாளிகள் அரசிடம் தத்துவம் கேட்கவில்லை. தொண்ணூறுகளில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் அமைப்பில் திரண்டவர்கள் கேட்டவை வேலைத்தளத்தின் வருகைப் பட்டியல், பில், ரசீது. அந்தக் காகிதங்களை ஊர் நடுவே வாசித்தபோதுதான் செய்யாத வேலைக்கும் இல்லாத ஆட்களுக்கும் பணம் போனது வெளிப்பட்டது. அதே நகல்களுக்காக 1996-இல் பியாவர் நகரில் நாற்பது நாள் தர்ணா இருந்தார்கள். எந்தக் காகிதத்தில் உண்மை இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்த அறிவு போராடிப் பெற வேண்டியதாக இருக்கக் கூடாது என்றுதான் 4-ஆம் பிரிவு எழுதப்பட்டது. ஒவ்வொரு அலுவலகமும் தன் ஆவணங்களைப் பட்டியலிட்டு, அட்டவணைப்படுத்தி வைத்திருக்க வேண்டும். தன்னிடமுள்ள ஆவண வகைகள் உட்படப் பதினேழு இனங்களில் விவரங்களை 120 நாளுக்குள் தானாகவே வெளியிட வேண்டும். மக்கள் மனுப் போட வேண்டிய தேவையே குறைய வேண்டும். இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன. பல அலுவலகங்களின் வெளியீட்டில் எப்போதோ மாற்றலாகிப் போனவர்களின் பெயர்களும், 'அலுவலகக் கோப்புகள்' என்ற பொதுச் சொல்லும்தான் இருக்கின்றன.

நம்மால் முடியாத வேலையும் அல்ல இது. பட்டா, சிட்டா, 'அ' பதிவேட்டுப் பக்கம், வில்லங்க விவரம் எல்லாம் இன்று வீட்டிலிருந்தே இணையத்தில் பார்க்க முடிகிறது. இதைச் செய்த அதிகாரிகளுக்கு நெஞ்சார நன்றி சொல்வேன். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பதினேழாம் நூற்றாண்டுக் கோட்டை ஆவணங்களை ஓர் ஆய்வாளர் பட்டியல் பார்த்துக் கேட்டு வாங்குகிறார். இருபது ஆண்டுகளுக்கு முன் முடிந்த ஓர் உட்பிரிவுக் கோப்புக்கு அந்த வசதி வட்ட அலுவலகத்தில் இல்லை.

பட்டியல் இல்லாததால்தான் 'கோப்பு கிடைக்கப்பெறவில்லை' என்ற பதில் இவ்வளவு எளிதாக வருகிறது. கோப்பைக் காணோம் என்பது சட்டம் அனுமதிக்கும் விலக்கு அல்ல. ஒரு காலத்தில் இருந்த ஆவணம் காணாமல் போனால் முழுமையாகத் தேட வேண்டும், விசாரித்துப் பொறுப்பு யாருடையது என்று நிர்ணயிக்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2013-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. காலக்கெடு முடிந்து முறைப்படி அழித்திருந்தால் அந்த உத்தரவின் நகலைத் தரட்டும்.

இன்னொரு கவலையும் சேர்ந்திருக்கிறது. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவை மாற்றி, தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம் என்ற அளவுக்கு விரித்துவிட்டது. வருகைப் பட்டியலில் இருப்பவை ஆட்களின் பெயர்கள். வீடு கட்டும் திட்டத்துப் பயனாளிகள் பட்டியலும் அப்படியே. பெயர் இருப்பதால் மறுக்கலாம் என்றால் ராஜஸ்தானில் வெளிவந்த மோசடி இன்று வெளிவரவே வராது. ஆனால் பொதுநலன் மேலோங்கும்போது தகவலைத் தரலாம் என்னும் 8(2) பிரிவு அப்படியே நிற்கிறது. மறுப்புக் கடிதம் எழுதுமுன் அதைக் கருத்தில் கொண்டதை அலுவலர் அந்தக் கடிதத்திலேயே பதிவு செய்ய வேண்டும்.

புதிய சட்டம் எதுவும் கேட்கவில்லை. தங்கள் கையெழுத்தில் ஒரு சுற்றறிக்கை போதும். வட்ட அலுவலகம் முதல் ஊராட்சி ஒன்றியம் வரை ஒவ்வோர் அலுவலகமும் தன்னிடமுள்ள பதிவேடுகளின் பெயர்களை, அவற்றில் என்ன இருக்கும் என்ற ஒரு வரி விளக்கத்துடன், வாசலில் தமிழில் எழுதி வைக்கட்டும். பதிவறையில் உள்ள முடிந்த கோப்புகளின் எண், பொருள், ஆண்டு மூன்றையும் இணையத்தில் ஏற்றட்டும். அழிக்கும் கோப்புகளின் பட்டியலை அழிப்பதற்கு முன்பே அறிவிக்கட்டும். மனு தெளிவாக இல்லையென்றால் திருப்பி அனுப்பாமல், எந்த ஆவணத்தைக் கேட்க வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கட்டும். நியாயமான உதவி செய்வது தகவல் அலுவலரின் சட்டக் கடமை.

வருவாய்த் துறையிலிருந்து தொடங்குங்கள். அங்கேதான் ஏழைகளின் மனுக்கள் அதிகம் காத்துக் கிடக்கின்றன.

இப்படிக்கு,
மனு எழுதிக் கொடுக்கும் ஒரு குடிமகன்