ஸ்கேன் மருந்து எந்த ஆலையிலிருந்து வருகிறது?

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் மேலாண்மை இயக்குநர் அவர்களுக்கு,



சி.டி. ஸ்கேன் அறை வாசலில் காத்திருப்பவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது இதைத்தான்: "மருந்து போட்டு எடுக்கச் சொன்னாங்களா, போடாமலா?" அந்த மருந்து பற்றித்தான் இந்த மடல்.

சிறுநீரகம் தாங்குமா என்று ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்து, கையில் வென்ஃப்ளான் ஊசிக்குழாய் போட்டு, அயோடின் கொண்ட அந்தத் தெளிந்த திரவத்தைச் செலுத்தியதும் உடம்பெல்லாம் குப்பென்று சூடு பரவும். நாக்கில் உலோகச் சுவை தட்டும். சில நொடிகளில் ரத்தக்குழாய்கள் திரையில் வெள்ளையாகத் துலங்கும். நுரையீரல் தமனியில் ரத்தம் உறைந்திருப்பதை இந்த மருந்து இல்லாத சாதாரண ஸ்கேன் பெரும்பாலும் காட்டாது.

2022இல் கொரோனாவுக்காக ஷாங்காய் நகரை மூடினார்கள். அங்கிருந்த ஜிஇ ஹெல்த்கேர் ஆலையில், இவ்வகை மருந்துகளில் ஒன்றான அயோஹெக்சாலின் உற்பத்தி முடங்கியது. அமெரிக்காவின் பெரிய மருத்துவமனைகளே அவசரமில்லாத ஸ்கேன்களைத் தள்ளிப்போட்டன, மருந்தின் அளவைக் குறைத்தன. அயர்லாந்தின் கார்க்கில் உள்ள அதே நிறுவனத்தின் ஆலை உற்பத்தியைக் கூட்டி, ஷாங்காய் ஆலையும் மீண்ட பிறகுதான் நெருக்கடி தணிந்தது. கையில் பணம் இருந்தும் மருந்து இல்லை. ஜிஇ, பிராக்கோ, பேயர், கெர்பே என்ற நான்கு நிறுவனங்களின் கையில்தான் அமெரிக்காவில் ஏறக்குறைய மொத்தச் சந்தையும். ஒன்று படுத்தபோது மற்ற மூன்றால் உடனே ஈடுகட்ட முடியவில்லை.

இந்தியாவிலும் அயோஹெக்சால் தயாராகிறது என்பது ஆறுதல்தான். ஆனால் அதற்கு வேண்டிய அயோடின் நம்மிடம் இல்லை. உலகத் தேவையில் பெரும்பகுதியைச் சிலியும் ஜப்பானும்தான் தருகின்றன. அதோடு, பாட்டிலின் மேல் லேபிள் வேறு வேறாக இருக்கலாம், உள்ளே மூல மருந்து ஒரே ஆலையிலிருந்து வந்திருக்கலாம்.

மருந்துகளின் மொத்தக் கொள்முதலில் பிற மாநிலங்களுக்கு வழிகாட்டியது உங்கள் கழகம். அதனால்தான் உங்களிடம் கேட்கிறோம். இந்த மருந்துக்கான டெண்டரில் விலையோடு மூல மருந்து எந்த ஆலையில் தயாராகிறது என்பதையும் எழுத்தில் கேளுங்கள். ஆர்டரை வெவ்வேறு ஆலைகளை நம்பியிருக்கும் இரண்டு நிறுவனங்களுக்காவது பிரித்துக் கொடுங்கள். பாட்டிலுக்குச் சில ரூபாய் கூடலாம், கூடட்டும். மாவட்டக் கிடங்குகளில் மூன்று மாதத் தேவைக்கு இருப்பு வையுங்கள். காலாவதித் தேதி முந்துவதை முதலில் அனுப்பினால் வீணாகாது.

அடுத்த டெண்டர் அறிவிப்பிலேயே இவை இடம்பெற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஆசிரியர்