வகுப்பறைக்கு வெளியே ஐந்து மணி நேரம்

எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம், சுற்றுச்சூழலைக் கல்வியின் எல்லா நிலைகளிலும் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. அதையொட்டிப் பல்கலைக்கழக மானியக் குழு இளநிலைப் பட்டப் படிப்புக்கு ஐம்பது வகுப்புகள் கொண்ட பாடத்திட்டம் ஒன்றை வகுத்தது. அதன் கடைசி அலகை ஆசிரியர்கள் இன்னொரு முறை எடுத்துப் படிக்க வேண்டும். ஐந்து மணி நேரக் களப்பணி அது. பக்கத்திலுள்ள ஆற்றையோ குன்றையோ பார்த்துப் பதிவு செய்வது, மாசுபட்ட இடமொன்றுக்குப் போவது, அக்கம்பக்கத்துச் செடி, பூச்சி, பறவைகளை அறிவது, ஒரு குளத்தைக் கவனிப்பது. 25 மதிப்பெண்ணும் உண்டு. பின்னால் வந்த திருத்தங்களிலும் களப்பணி இருக்கவே செய்கிறது. ஆனால் நாங்கள் அறிந்த கல்லூரிகள் பலவற்றில் அந்த ஐந்து மணி நேரம் நடப்பதில்லை. ஓசோன் படலத்தை மனப்பாடம் செய்து, முந்தைய ஆண்டின் பதிவேட்டைப் பார்த்தெழுதி மாணவர்கள் தேறிவிடுகிறார்கள்.

அதே கட்டடத்தில் தமிழ் வகுப்பும் நடக்கிறது. முதல், கரு, உரி என்று கரும்பலகையில் கட்டம் போடப்படுகிறது. குறிஞ்சிப்பாட்டில் பூக்கள் எத்தனை என்று கேட்டால் 99 என்று வகுப்பே ஒரே குரலில் சொல்கிறது. அவற்றில் எத்தனையை நேரில் பார்த்தால் அடையாளம் சொல்வார்கள் என்று யாரும் கேட்பதில்லை. இந்த இரண்டு வகுப்புகளும் ஒன்றையொன்று அறியாமலே மூன்றாண்டுகள் முடிந்துபோகின்றன. இவை சேர்ந்தே நடக்க வேண்டும் என்பதுதான் இந்த இதழில் நாங்கள் சொல்ல விரும்புவது.

குறுந்தொகையின் 85-ஆம் பாடலை எடுத்துக்கொள்வோம். பேடைக்குச் சூல் முதிர்ந்திருக்கிறது. அது முட்டையிடக் கூடு அமைப்பதற்காக ஆண் குருவி கரும்பின் வெள்ளைப் பூவைக் கோதி எடுக்கிறது. அந்தப் பூவுக்கு மணமில்லை என்பதையும் புலவர் சொல்லாமல் விடவில்லை. வகுப்பில் மருதத்திணை, வாயில் மறுத்தது, தோழி கூற்று என்று எழுதிப்போட்டதும் பாடல் முடிந்துவிடுகிறது. ஊர்க்குருவியில் ஆணும் கூடு கட்டுமா? கட்டும், இடம் பார்த்து வேலையைத் தொடங்குவதே பெரும்பாலும் அதுதான். கரும்புப் பூ எப்படி இருக்கும்? கரும்பு பயிராகும் ஊரிலிருந்து வரும் பிள்ளைகளே அதைச் சரியாகப் பார்த்திருக்க மாட்டார்கள். பூத்துவிட்டால் தண்டு சக்கையாகிச் சர்க்கரை குறையும் என்பதால், எளிதில் பூக்காத ரகங்களையே தேர்ந்து நடுகிறோம். ஒரு பாடலுக்குள்ளிருந்து இவ்வளவு கேள்விகள் வருகின்றன. விடை தேட வயலுக்குத்தான் போக வேண்டும்.

இந்தப் பாடலுக்குப் பக்கத்தில் சா. கந்தசாமியின் ‘சாயாவனம்’ நாவலை வைத்துப் படிக்கலாம். சர்க்கரை ஆலைக்காக ஒரு வனம் எரிக்கப்படும் கதை அது. ஊருக்குப் புளி தந்த மரங்களும் அந்தத் தீயில் போகின்றன. அங்கே குருவிக்குக் கூடு தந்த அதே கரும்பு இங்கே காட்டின் அழிவுக்குக் காரணமாகிறது. நம் முன்னோர் இயற்கையோடு இயைந்து வாழ்ந்தனர் என்று மேடையில் முழங்குவதைவிட இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்கும் ஒரு மணி நேரம் மாணவருக்கு அதிகம் கற்றுத்தரும். நெய்தலுக்கு ஜோ டி குரூஸின் ‘ஆழிசூழ் உலகு’ இருக்கிறது. சங்கச் செடிகொடிகளையும் புள்ளினங்களையும் இனங்காண பி.எல். சாமியின் நூல்கள் இருக்கின்றன. தியடோர் பாஸ்கரனின் கட்டுரைகள் இருக்கின்றன. நூலுக்குப் பஞ்சமில்லை.

மா. கிருஷ்ணனை எல்லோரும் புகழ்கிறோம். 1950 முதல் 1996-இல் மறையும்வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதியவர் அவர்; தமிழிலும் எழுதினார். சென்னை மாநிலக் கல்லூரியில் அவர் படித்தபோது தாவரவியல் பேராசிரியர் ஃபைசனோடு நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் களப்பயணம் போனார். பேராசிரியரின் மனைவியிடம் நீர்வண்ணம் தீட்டக் கற்றார். படிப்பில் அவர் சுமார்தான். ஓர் ஆசிரியர் கூட்டிக்கொண்டு போனார் என்பதை அவருடைய வாழ்க்கைக் குறிப்பில் நாம் அவசரமாகக் கடந்துவிடுகிறோம்.

ஆசிரியர்களின் சிரமம் எங்களுக்குத் தெரியும். குறைந்த ஊதியத்தில் பல கல்லூரிகளுக்கு ஓடும் கௌரவ விரிவுரையாளரிடம் மலைப்பயணம் கேட்பது நியாயமாகாது. மலைக்குப் போக வேண்டியதும் இல்லை. கல்லூரிக்கு நடந்துபோகும் தொலைவில் ஓர் ஏரியோ கண்மாயோ வாய்க்காலோ இருக்கும். ஒரு மாணவருக்கு ஓர் இடம். ஒரு பருவம் முழுக்க அதையே திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்து, கடைசியில் ஒரு கட்டுரை எழுதட்டும். அதைத் திருத்தி அந்த 25 மதிப்பெண்ணைப் போடுங்கள்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. அரசு கலைக் கல்லூரிகளுக்கு வருபவர்களில் பலர் தங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குள் நுழைந்தவர்கள். ஆடு மேய்த்துப் பழகிய மாணவிக்கு ஆடுதின்னாப்பாளை தெரியும். எந்தச் செடியை எந்தக் காயத்துக்குக் கசக்கிப் போடுவது என்றும் தெரியும். அதெல்லாம் படிப்பில் சேராது என்று எண்ணிக்கொண்டு அவள் கடைசி வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறாள். அவள் பேச வேண்டிய பாடம் இது.

பாடத்திட்டக் குழுவில் இருக்கும் நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம்: தமிழ்த்துறையும் தாவரவியல், விலங்கியல் துறைகளும் சேர்ந்து நடத்தும்படி ஒரு தாளையாவது அடுத்த திருத்தத்தில் கொண்டுவாருங்கள். அதுவரை, உள்ள ஐந்து மணி நேரத்தைக் கைவிடாதீர்கள். மாணவர்கள் எழுதும் கட்டுரைகளை எங்களுக்கு அனுப்புங்கள். அடுத்த இதழிலிருந்து அவற்றுக்குப் பக்கங்கள் ஒதுக்குகிறோம்.