பதினைந்து தபால்தலை, ஒரு பெண்கூட இல்லை

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

என்னிடம் கோ-கோ கற்றுக்கொண்ட பெண் ஒருத்தி இப்போது அயர்லாந்தில் நர்ஸ். போன மாதம் ஊருக்கு வந்தவள், "டீச்சர், உங்க ஸ்டாம்ப் ஆல்பத்துக்கு" என்று ஒரு கவரைக் கொடுத்தாள். உள்ளே பதினைந்து தபால்தலைகள். 1999-ல் அயர்லாந்தின் ஆன் போஸ்ட் வெளியிட்டது. ஒவ்வொன்றும் 30 பென்ஸ். கேலிக் கால்பந்தின் 'ஆயிரமாண்டு அணி'யாம்.

கேலிக் கால்பந்து தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. பக்கத்துக்குப் பதினைந்து பேர். பந்தைக் காலாலும் உதைக்கலாம், கையாலும் தட்டலாம். கம்பம் ஆங்கில எச் எழுத்து மாதிரி இருக்கும். குறுக்குக் கம்பிக்கு மேலே போனால் பொதுவாக ஒரு புள்ளி, கீழே வலைக்குள் போனால் மூன்று. ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு ஊருக்காக ஆடுகிறவர்கள்.

முதலில் எனக்குச் சந்தோஷம்தான். சினிமா நடிகருக்கும் அரசியல்வாதிக்கும் போகிற இடத்தில், காசு வாங்காமல் ஆடியவர்களை ஒரு நாடு ஒட்டி வைத்திருக்கிறதே! மிக் ஓகானல் என்று ஒருவர், வலென்ஷியா தீவுக்காரர். தீவுக்குப் பாலம் வராத காலத்தில் படகு ஓட்டிக் கரைக்கு வந்து பயிற்சி எடுத்திருக்கிறார். ஜான் ஜோ ஓரைலி, 1947-ல் கடல் தாண்டி நியூயார்க்கில் நடந்த இறுதிப் போட்டியில் காவன் அணியை ஜெயிக்க வைத்த கேப்டன். சில வருஷத்தில், 1952-ல், சின்ன வயதிலேயே இறந்துபோனார். இவர்கள் முகம் தபால்தலையில் வந்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

'ஆயிரமாண்டு' என்பதுதான் முதலில் இடித்தது. கேலிக் தடகளச் சங்கம் தர்லஸ் ஊரில் ஒரு ஹோட்டலில் தொடங்கியது 1884-ல். இந்த ஆட்டத்துக்கு விதி எழுதியது 1885-ல். 1999 வரை கூட்டினால் 114 வருஷம். இதை ஆயிரம் என்று எழுதினால் எங்கள் கணக்கு டீச்சர் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார். சரி, விளம்பரத்துக்குப் போட்ட பெயர், விடுங்கள்.

பதினைந்தையும் மேஜையில் பரப்பிப் பார்த்தபோதுதான் உறுத்தியது. பதினைந்தும் ஆண்கள். அதில் ஆறு பேர் கெர்ரி என்ற ஒரே மாவட்டம்.

கெர்ரி ஆண்கள் பெரிய ஆட்டக்காரர்கள்தான், மறுக்கவில்லை. 1978 முதல் 1981 வரை தொடர்ந்து நான்கு முறை அகில அயர்லாந்துப் பட்டம். 1982-ல் ஐந்தாவதைத் தொட இருந்த நேரத்தில் ஆஃபலி அணி கடைசி நிமிடங்களில் ஒரு கோல் போட்டு ஒரே புள்ளியில் தட்டிப் பறித்தது. அந்தக் கோலைப் பற்றி அங்கே இன்றைக்கும் பேசுகிறார்களாம்.

அதே 1982-ல் அதே கெர்ரியின் பெண்கள் அணி பட்டம் வென்றது. 83-லும் வென்றது. 84-லும். இப்படியே 1990 வரை, ஒரு வருஷம் விடாமல் ஒன்பது முறை! அந்த அணியின் மேரி ஜோ கரனிடம் பத்துப் பதக்கம். தபால்தலையில் இருக்கும் பாட் ஸ்பிலேனிடமும் மைக்கி ஷீஹியிடமும் தலா எட்டு. ஒரே மாவட்டம், ஒரே காலம். எட்டுக்கு ஸ்டாம்ப், பத்துக்கு ஒன்றும் இல்லை.

அந்த நர்ஸ் பெண்ணிடமே கேட்டேன். "பெண்களுக்குத் தனிச் சங்கம் டீச்சர், இந்த அணியைத் தேர்ந்தெடுத்தது ஆண்கள் ஆடுற சங்கம்" என்றாள். உண்மைதான். பெண்கள் சங்கம் 1974-ல் தொடங்கியது, அதுவும் தர்லஸில் அதே ஹோட்டலில். ஆனால் தபால்தலையில் சங்கத்தின் பெயரா பெரிதாக இருக்கிறது? 'ஏரெ' என்று நாட்டின் பெயர் இருக்கிறது. ஆன் போஸ்ட் அரசுக்குச் சொந்தம். சங்கம் தன் வீட்டுச் சுவரில் யார் படத்தையும் மாட்டிக்கொள்ளட்டும். நாட்டின் பெயரைப் போட்டு அச்சடிக்கும்போது நாட்டில் பாதிப்பேர் எங்கே என்று கேட்கத்தானே செய்வோம்?

பெண்கள் ஆட்டம் அப்போது சின்னப்பிள்ளை, 25 வயதுதான் என்று யாராவது சொல்வீர்கள். 114 வயதை ஆயிரம் ஆக்கத் தெரிந்தவர்களுக்கு 25 கண்ணில் படாதா?

இன்னொரு வேடிக்கை. 1934-ல் சங்கத்தின் பொன்விழாவுக்கு வந்த இரண்டு பென்னி தபால்தலையில் இருப்பது மட்டையோடு ஹர்லிங் ஆடுகிறவர். கால்பந்துக்கு அதில் இடமில்லை. விடுபட்டால் எப்படி இருக்கும் என்று கால்பந்துக்காரர்களுக்கே தெரியும். 2000-ல் ஹர்லிங்குக்கும் பதினைந்து வந்தது, அங்கும் அத்தனையும் ஆண்கள்.

"ஒரு ஸ்டாம்புக்குப் போய் இவ்வளவா?" என்று வீட்டிலேயே கேட்டாகிவிட்டது. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஒரு வருஷம் பையன்கள் கபடியில் அரையிறுதியில் தோற்றார்கள். என் பெண்கள் கோ-கோவில் மாவட்டக் கோப்பை வாங்கினார்கள். தலைமையாசிரியர் அறையில் கண்ணாடி போட்டு மாட்டியது பையன்கள் படம். பெண்கள் படத்தை பீரோவில் வைத்தார்கள். "இடம் இல்லை டீச்சர், அப்புறம் பார்க்கலாம்." நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். மறு வருஷம் அந்தப் பெண்களில் நாலு பேரை வீட்டில் ஆட அனுப்பவில்லை. "ஆடி என்ன கண்டா?" என்று ஒரு அப்பா என்னிடமே கேட்டார். காட்டுவதற்கு என் கையில் ஒரு படம்கூட இல்லை. அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை, அதுவும் என் மேல்தான் அதிகம்.

ஸ்டாம்ப் கொண்டுவந்தவள் அந்தப் படத்தில் இரண்டாவது வரிசையில் நின்றவள். போகும்போது, "நம்ம போட்டோ என்னாச்சு டீச்சர்?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஆன் போஸ்டுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். அந்த ஒன்பது வருஷத்துக் கெர்ரி பெண்கள் அணிக்கு, பதினைந்து பேருக்கும் பதினைந்து தபால்தலை கேட்டிருக்கிறேன், ஒன்று குறையாமல். திங்கட்கிழமை தபாலில் சேர்க்க வேண்டும். என் ஆங்கிலத்தை ஒருமுறை பார்த்துத் தருகிறவர்கள் இன்பாக்ஸில் வாருங்கள்.