கேட்டதும் சொன்னதும்: சோகைப் புகைக்குக் கணக்கு உண்டா?

கேள்வி: கரும்புச் சோகையைக் கொளுத்தினால் பூமி சூடாகிறது என்கிறீர்கள். புகை காற்றில் கலந்து மறைந்துவிடுகிறது. அதை எப்படி அளக்கிறார்கள்?
- மறுதாம்புக் கரும்பு விவசாயி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: புகை கண்ணுக்கு மறைந்தாலும் வாயு காற்றில்தான் இருக்கிறது. காற்றைப் பிடித்து வந்தால் அளந்துவிடலாம்.

பிரேசிலில் அமேசான் காட்டின் மேல் இதைச் செய்தார்கள். அந்நாட்டு விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் விஞ்ஞானி லூசியானா காட்டி அம்மையாரின் குழு, 2010 முதல் 2018 வரை நான்கு இடங்களில் சிறு விமானங்களை அனுப்பியது. விமானம் 4 கிலோமீட்டருக்கும் மேலிருந்து வட்டமிட்டு இறங்கும்போது, பல உயரங்களில் குடுவைகளில் காற்றை நிரப்பினார்கள். இப்படி 590 முறை.

கரியமில வாயு பல வழிகளில் வரும். அதில் நெருப்பின் பங்கு எவ்வளவு? அதைக் காட்டிக்கொடுப்பது கார்பன் மோனாக்சைடு. பூட்டிய அறையில் கரி மூட்டினால் ஆளைக் கொல்லும் அதே வாயு. அரைகுறையாக எரியும்போது இது உண்டாகும். புகையில் இரண்டு வாயுக்களும் என்ன விகிதத்தில் வருகின்றன என்று தெரிந்தால், கூடுதலாக உள்ள மோனாக்சைடை வைத்து நெருப்பின் பங்கைக் கணக்கிடலாம். 2021இல் வெளியான முடிவு இது: ஆண்டுக்கு நெருப்பு வெளியேற்றிய கார்பன் சுமார் 41 கோடி டன். காடு உறிஞ்சியது சுமார் 12 கோடி டன்தான்.

இனி உங்கள் வயல். ஐ.நா.வின் காலநிலைக் குழு 2006இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, உலர்ந்த பயிர்க்கழிவு 1 டன் எரிந்தால் கரியமில வாயு 1,515 கிலோ, மோனாக்சைடு 92 கிலோ, மீத்தேன் 2.7 கிலோ, நைட்ரஸ் ஆக்சைடு 70 கிராம் வரும். காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்வதால்தான் எடை கூடுகிறது.

காடு எரிவதும் சோகை எரிவதும் ஒன்றல்ல. சோகை விட்ட கரியமில வாயுவை அடுத்த கரும்பு திரும்ப எடுத்துக்கொள்ளும் என்பதால் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் மீத்தேனையும் நைட்ரஸ் ஆக்சைடையும் பயிர் எடுக்காது. நூறாண்டுக் கணக்கில், கிலோவுக்குக் கிலோ, மீத்தேன் கரியமில வாயுவைப் போல் சுமார் 28 மடங்கும், நைட்ரஸ் ஆக்சைடு சுமார் 265 மடங்கும் சூடேற்றும். ஆக, 1 டன் சோகைக்குச் சுமார் 94 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான பாதிப்பு நிற்கிறது.

உங்கள் நட்டம் அதைவிடப் பெரிது. 1 டன் சோகையில் ஏறத்தாழ 4 கிலோ தழைச்சத்து உண்டு. ஏக்கருக்கு 4 டன் சோகை என்றால் 16 கிலோ. அதாவது, முக்கால் மூட்டை யூரியா. கொளுத்தினால் இதில் பெரும்பகுதி புகையோடு போய்விடும்.

கட்டை சீவியதும், ஒரு சால் விட்டு ஒரு சாலில் சோகையை மூடாக்காகப் பரப்புங்கள். ஈரம் காக்கும், களை குறையும். சோகை மெதுவாகவே மட்கும் என்பதால், முதல் ஆண்டே யூரியாவைக் குறைத்துவிட வேண்டாம். கரையான் தொல்லை உள்ள வயலில் மூடாக்கைத் தவிர்த்து, சாணக் கரைசலும் சிறிது யூரியாவும் தெளித்துக் குழியில் மட்க விட்டு, பிறகு இடுங்கள்.