சொன்னால் இங்கே வழக்கு, சொல்லாவிட்டால் அங்கே தூக்கு

2025 அக்டோபர் 8ஆம் தேதி பன்னீர் செல்வம் பரந்தாமன் சிங்கப்பூரில் தூக்கிலிடப்பட்டார். ஈப்போக்காரர். 2014 செப்டம்பரில் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் பிடிபட்டவர். அவருக்கு முன் 2022 ஏப்ரலில் நாகேந்திரன் தர்மலிங்கம். இருவருமே போதைப்பொருளைத் தூக்கிச் சென்றவர்கள்தான், வியாபாரிகள் அல்லர் என்பதை நீதிமன்றமே ஏற்றது. ஆனாலும் கயிறு விலகவில்லை. காரணம், ஒரு சான்றிதழ் கிடைக்கவில்லை.

சிங்கப்பூரின் போதைப்பொருள் சட்டத்தில் பிரிவு 33பி 2013 ஜனவரியில் நடப்புக்கு வந்தது. கடத்தலை முறியடிக்கக் கணிசமாக உதவினார் என்று அரசுத் தரப்பு சான்றளித்தால், தூக்கிச் சென்றவருக்கு மரணத்துக்குப் பதில் ஆயுள் சிறையும் குறைந்தது 15 பிரம்படியும் விதிக்க நீதிபதிக்கு வழி உண்டு. சான்றிதழ் தருவதும் மறுப்பதும் அரசு வழக்கறிஞரின் முடிவு. கெட்ட எண்ணமோ வன்மமோ இருந்ததாக நிரூபித்தால் தவிர, அதை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது என்கிறது சட்டம்.

அந்தப் பிரிவில் நாம் நின்று படிக்க வேண்டிய சொற்கள் உண்டு. முறியடிக்க வேண்டிய கடத்தல் “சிங்கப்பூருக்கு உள்ளே அல்லது வெளியே” நடப்பதாக இருக்கலாம் என்கிறது சட்டம். மலேசியப் பையனைப் பொறுத்தவரை வெளியே என்றால் நம் நாடுதான். விசாரிப்பவர்கள் கேட்பது இதைத்தான்: பொட்டலத்தைக் கொடுத்தவன் யார், எந்த ஊரில் வைத்துக் கொடுத்தான், இதற்கு முன் எத்தனை முறை கொண்டு வந்தாய்? கடைசிக் கேள்விக்கு உண்மையைச் சொன்னால், மலேசிய மண்ணில் செய்த பழைய குற்றங்களையும் அவனே ஒப்புக்கொண்டதாகிவிடும். உயிரைக் காக்கச் சொல்லும் அந்தப் பதில் நாளை மலேசியாவில் அவனுக்கு எதிராகத் திரும்பாது என்று எந்த உறுதியும் கிடையாது.

அதைத் தடுக்கச் சட்டத்தில் காப்பு உண்டா? இந்திய அரசியலமைப்பின் 20(3) பிரிவு, குற்றஞ்சாட்டப்பட்ட எவரையும் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி கட்டாயப்படுத்தக்கூடாது என்கிறது. மலேசிய அரசியலமைப்பில் அப்படி ஒரு பிரிவு இல்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 112, தன்னைச் சிக்கவைக்கும் கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கலாம் என்கிறது. ஆனால் போதைப்பொருள் வழக்கில் அபாயகர போதைப்பொருள் சட்டத்தின் பிரிவு 37ஏ, இன்ஸ்பெக்டர் அல்லது அதற்கு மேலான அதிகாரியிடம் சொன்னதை, நிபந்தனைகளோடு, சாட்சியமாக்குகிறது. போதாததற்கு, 1985இன் சிறப்புத் தடுப்பு நடவடிக்கைச் சட்டம் வேறு. அமைச்சர் கையெழுத்திட்டால் வழக்கு விசாரணையே இல்லாமல் இரண்டு ஆண்டு தடுப்புக் காவல். அங்கே சாட்சியச் சட்டத்தின் வடிகட்டி வேலை செய்யாது. சிங்கப்பூரின் சாங்கி சிறையிலிருந்து வரும் ஒரு தகவலே போதும்.

சிங்கப்பூரிலும் மௌனத்துக்குக் கனமான வேலி இல்லை. பேசாமல் இருப்பது அரசியலமைப்பு உரிமை அல்ல என்று 1992இலேயே மஸ்லான் வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. குற்றஞ்சாட்டப்படும்போது சொல்லாததைப் பின்னால் சொன்னால், நீதிபதி நம்பாமல் போகலாம் என்ற எச்சரிக்கையும் எழுத்தில் தரப்படுகிறது.

வெளிநாட்டு வழக்குக்குப் பயந்து பேச மறுக்கலாமா என்ற கேள்வியை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1998இல் பால்சிஸ் வழக்கில் நேருக்கு நேர் சந்தித்தது. லிதுவேனியாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய முதியவரிடம் இரண்டாம் உலகப் போர்க்கால நடவடிக்கை பற்றிக் கேட்டார்கள். சொன்னால் லிதுவேனியாவிலும் இஸ்ரேலிலும் வழக்கு வரும் என்றார். ஏழு நீதிபதிகள் அதை ஏற்கவில்லை, இருவர் மாறுபட்டனர். வாய் திறக்க வைக்கும் அரசும் வழக்குப் போடும் அரசும் ஒன்றாக இருந்தால்தான் பாதுகாப்பு என்பது பெரும்பான்மையின் கணக்கு. ஆனால் ஒரு வாசலைத் திறந்தே வைத்தார்கள். இரு நாடுகள் ஒத்த சட்டங்களை இயற்றிக்கொண்டு, ஒன்று மற்றொன்றுக்காகவே சாட்சியம் திரட்டித் தந்தால் கதை வேறாகலாம்.

நம் நிலைமை அந்த வாசலுக்கு மிக அருகில் இருக்கிறது. இரு நாட்டுச் சட்டங்களிலும் 15 கிராம் என்பதே ஹெராயினுக்கான எல்லைக்கோடு. இரு போலீஸும் தகவல் பகிர்கின்றன. பரஸ்பர சட்ட உதவிக்கு மலேசியாவில் 2002ஆம் ஆண்டின் தனிச் சட்டமே உண்டு. வேட்டையில் இருவரும் கூட்டாளிகள், சிக்கியவனின் உரிமையில் மட்டும் அந்நியர்கள் என்பது நியாயமில்லை.

கழுத்துக்குக் கயிறு வரும்போது மலேசிய வழக்கை எவன் நினைப்பான் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பிடிபட்ட முதல் சில மணி நேரத்தில், முன்னே இருப்பது தூக்கு என்று பலருக்கு உறைப்பதில்லை. வீட்டில் அப்பா அம்மா இருக்கிறார்கள், பொட்டலம் கொடுத்தவனுக்கு வீடு தெரியும். அந்தப் பயத்தில் மழுப்பியதைப் பின்னால் திருத்தினால், “தாமதமாகச் சொன்னான்” என்று தள்ளுபடியாகும். பன்னீர் விஷயத்திலும், மலேசியப் போலீஸ் அவரிடம் விசாரிக்க வேண்டும் என்ற பேச்சு மும்முரமானது கடைசிக் கட்டத்தில்தான்.

சிலாங்கூரின் சுங்கை செம்பிலாங், ஜெராம், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா (முன்னாள் பத்தாங் பெர்ஜுந்தை) தோட்டங்களில் லயக் குடியிருப்பு போய், செம்பனையும் கைவிட்டுப் போய், ஜொகூரில் வேலை தேடும் பிள்ளைகள் உண்டு. கடத்தல் முகவர்கள் வலை வீசுவது இத்தகைய வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான். அவர்களுக்காக மலேசியா செய்யக்கூடியவை மூன்று. ஒரு மலேசியர் சிங்கப்பூரில் கைதானதாகத் தகவல் வந்ததுமே, தூதரகம் தமிழோ மலாயோ பேசும் வழக்கறிஞரை ஏற்பாடு செய்ய வேண்டும். மலேசியப் போலீஸ் தூக்கு நாள் குறிக்கும்வரை காத்திராமல் விசாரணைக் கட்டத்திலேயே அவரைச் சந்திக்க வேண்டும். மூன்றாவது, சாங்கியில் சொன்னதையோ அதன்வழி கிடைத்ததையோ சொன்னவருக்கு எதிராக, தடுப்புக் காவலுக்கும்கூட, பயன்படுத்துவதில்லை என்ற எழுத்துறுதி. வேறு சாட்சியம் இருந்தால் வழக்குத் தொடரத் தடையில்லை என்பதால், கடத்தல் கும்பலின் தலைவர்கள் இதில் தப்பிவிடுவார்கள் என்ற அச்சம் வேண்டாம்.

வழக்கைப் பொறுத்தவரை இதற்குப் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை. வழக்குத் தொடரவும் கைவிடவும் சட்டத்துறைத் தலைவருக்கு அரசியலமைப்பின் 145(3) பிரிவு அதிகாரம் தருகிறது. தடுப்புக் காவலுக்கு உள்துறை அமைச்சர் ஒரு கொள்கை முடிவு எடுத்தால் போதும். சிங்கப்பூரிடம் கருணை மனு எழுதும் அரசு, தன் கையில் இருக்கும் இந்தக் காகிதத்தில் முதலில் கையெழுத்திடட்டும்.