முகமற்றவன்

இவ்வாரம் நாம் எடுத்துக்கொள்வது 'ஸ்ஃபச்சாத்தோ' என்னும் இத்தாலியப் பதம். நாணமில்லாதவன், துடுக்கன் என்று பொருள். பெண்ணைக் குறித்தால் 'ஸ்ஃபச்சாத்தா' என்றாகும்.

பதத்தைப் பிரித்தால் சுவை தெரியும். 'ஃபச்சா' என்பது முகம். முன்னே நிற்கும் 'ஸ்' இன்மையைக் குறிக்கும். 'லெயாலே' விசுவாசமுள்ளவன், 'ஸ்லெயாலே' விசுவாசமற்றவன். அவ்வாறே ஸ்ஃபச்சாத்தோ முகமற்றவன். குற்றம் செய்தால் முகம் சிவக்க வேண்டும். சிவக்காத முகம் இருந்தென்ன, இல்லாதிருந்தென்ன? வேடிக்கை என்னவெனில், இதே குணத்தை இத்தாலியர் 'ஃபச்சா தோஸ்தா', அதாவது கெட்டி முகம், என்றும் சொல்வதுண்டு. இல்லாத முகமும் இறுகிய முகமும் அவர்களுக்கு ஒன்றே!

கூசாமல் சொல்லும் பொய்க்கும், அளவு மீறிய அதிர்ஷ்டத்துக்குங்கூட இவ்வடைமொழி வழங்குகிறது. வாயாடிச் சிறுவனை 'ஸ்ஃபச்சாத்தெல்லோ' என்றால் அதில் பாதி செல்லம். ஒரு பெண்ணைச் சொன்னாலோ, அவள் ஒழுக்கத்தின்மீதே பழி விழக்கூடும். சொல் ஒன்றுதான், விழும் இடத்தைப் பொறுத்தது அதன் கனம்.

இப்பதம் பழையது. மகாகவி தாந்தே (1265–1321) தமது காவியத்தின் இரண்டாம் பாகத்தில், 23-ஆவது காண்டத்தில், இதை ஆண்டிருக்கிறார். 1296-இல் இறந்த தம் நண்பர் ஃபொரேஸே தொனாத்தியை அங்கே கவி சந்திக்கிறார். பெருந்தீனிப் பாவம் தீரப் பட்டினி கிடக்கும் அந்த ஆவியின் முகம் எலும்பாக வற்றிக் கிடக்கிறது. குரலைக் கேட்ட பிறகே நண்பரென்று தெரிகிறது. ஃபொரேஸே, தமக்காக அழுது பிரார்த்திக்கும் மனைவி நெல்லாவைப் புகழ்கிறார்; பிறகு, மார்பை மறையாது வீதியில் உலவும் ஃப்ளாரன்ஸ் மாதரை இச்சொல்லால் கடிந்துகொள்கிறார். அடையாளம் தெரியாமல் முகம் அழிந்தவர் பிறரை முகமற்றவர் என்கிறார்!

நானும் உபாத்தியாயர்தான். விடை தெரியாத கேள்வியைக் கேட்ட பையனைத் 'துடுக்கன்' என்று அதட்டி உட்கார வைத்ததுண்டு. அன்று சிவந்திருக்க வேண்டிய முகம் அவனுடையதன்று. இத்தகைய சொல்லை ஒருவர்மீது வீசுமுன் நம் முகம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொள்வது நலம்.